வற்றவிடாத பாத்தி

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று நேர்காணலுக்குப் போய் வந்தேன். வேம்பார் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிற மீன்குஞ்சுப் பண்ணை. வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற கடல் மீன்களை அங்கே முட்டையிலிருந்து வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். குஞ்சு அறைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் கல்லூரி விலங்கியல் துறைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

மேலாளர் பெயர் பெர்ப்பெத்துவா. சேலையை ஏற்றிச் செருகி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். கை ஈரமாக இருந்ததால் சான்றிதழ்களை என்னையே விரித்துக் காட்டச் சொன்னார். மதிப்பெண்ணைப் பார்த்து முகம் மலர்ந்தது. அதோடு சரி.

"கோமாளி மீன் குஞ்சு வளத்திருக்கியா?"

முட்டைக்குள் எப்போது கண் தெரியும், பொரித்ததும் என்ன தின்னும், எல்லாம் படித்திருக்கிறேன். ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"மீன் தொட்டியாவது வச்சிருக்கியா?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

"இங்க பாரும்மா, குஞ்சு சாகும். ஏன் செத்துச்சுன்னு நான் கேப்பேன். நீ வாயத் திறந்து சொல்லணும். ஒரு தடவையாவது முட்டையிலயிருந்து வளத்து, உடம்புல வெள்ளைப் பட்டை விழுற வரைக்கும் கொண்டு வந்து காட்டு. பிறகு பேசுவோம்."

வீட்டுக்கு வந்தபோது அப்பாவும் அம்மாவும் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். "சொல்லி அனுப்புதோம்னாங்க" என்றேன். அம்மா நம்பினாள். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து உதறினார்.

திருப்பூரில் லிங்கம்மா அத்தை பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாள். என்னை அனுப்பச் சொல்லி மாதம் இரண்டு தடவை போன் பண்ணுகிறாள். அப்பா இன்று அவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "இந்த உப்பு சீசன் முடியட்டும், தாயி. ஐப்பசி மழைக்குள்ள அவளுக்கு ஒண்ணும் அமையலன்னா நானே கொண்டாந்து விடுதேன்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எனக்குப் பேச வராது என்பது அவர்கள் படிக்க வைக்கும்போது தெரியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வங்கி அதிகாரி வீட்டில் அவர்கள் மகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நாக்பூருக்கு மாற்றலாகிப் போகிறார்கள். கூடத்தில் நாலடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. கல், மணல், இரண்டு கோமாளி மீன். பாடம் நடத்தும்போது என் கண் பாதி நேரம் அதில்தான் இருக்கும். அந்த வீட்டு ஆன்ட்டி கவனித்திருக்கிறார்.

"இத லாரியில ஏத்த முடியாதும்மா. நீ கொண்டுபோறியா? சும்மாதான்."

தலையை ஆட்டினேன். இந்தத் தடவை சரியான பக்கம்.

அப்பாவோடு உப்பு ஏற்றுகிற சிநேகிதரின் குட்டியானை வண்டியில் கொண்டு வந்தோம். பழைய தண்ணீரைக் கேன்களில் பிடித்து, கற்களைக் காயவிடாமல் அதிலேயே முக்கி வைத்தேன். மீன் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தக் கல்லில்தான் இருக்கின்றன. கல் காய்ந்தால் தொட்டியே செத்துப் போகும். போதாத தண்ணீருக்கு முயல் தீவுப் பக்கம் வண்டியை விட்டுத் தெளிவான கடல் நீர் மொண்டோம். மீன்கள் வாளியில், என் மடியில்.

தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு மாமா அப்பாவிடம், "என்னவே கொம்பையா, கடல வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீரு. நாளைக்கு லைட் ஹவுசும் வருமா?" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. தரையில் படுத்து, ஸ்டாண்டு சமமாக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஒரு காலடியில் ஓட்டுச் சில்லு வைத்தார். தண்ணீர் நிறைந்ததும் எழுந்து நின்று கேட்டார்:

"நாங்க நாள் பூரா கடத்தண்ணியக் காயவச்சு உப்பாக்குதோம். நீ காயாம வச்சு என்னளா பண்ணப் போற?"

நான் வாளியிலிருந்த மீன்களை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டேன்.

"சரி, உன் பாத்தி. நீ பாத்துக்க."

பிப்ரவரி 17, திங்கள்

இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

மார்ச் 3, திங்கள்

தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை குறைகிறது. குறைவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கடல் நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆன்ட்டி கொடுத்த கண்ணாடி மிதவையைப் போட்டு உப்பு அளவைப் பார்க்கிறேன். உப்பு கூடக் கூட அது மேலே எழும், அதிலுள்ள கோடு தண்ணீர் மட்டத்தைத் தாண்டி வரக்கூடாது.

பிரச்சினை என்னவென்றால் எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வரும்.

"நாம குடிக்கதுக்கு முன்ன மீனு குடிக்குதாக்கும்" என்றாள் அம்மா.

"மீன் குடிக்கலம்மா."

"பின்ன எங்க போகுது தண்ணி?"

"காத்துல."

"காத்துக்கா குடிதண்ணி ஊத்துத?"

நான் குடத்தை எடுத்து வைத்துவிட்டேன். அம்மா போன பிறகு ஒரு செம்பு ஊற்றினேன்.

மார்ச் 22, சனி

பெரியதுதான் பெண். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும், அதுதான் அதிகாரம் பண்ணும். அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "நல்ல சாதி" என்றாள்.

உடைந்த பூந்தொட்டியின் பாதியைக் கழுவிக் காயவைத்து உள்ளே சாய்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் அதைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. சின்னது அதன் உட்புறத்தை வாயால் கொத்திச் சுத்தம் செய்கிறது.

ஏப்ரல் 9, புதன்

முட்டை. பூந்தொட்டிச் சில்லின் உள்பக்கம் ஆரஞ்சு நிறத்தில், கேசரி ரவையை ஒட்டி வைத்தது போல. எத்தனை என்று எண்ண முடியவில்லை. முந்நூறு இருக்கலாம்.

ஆண் மீன் அதைவிட்டு நகரவில்லை. செட்டையால் விசிறுகிறது, கெட்டுப்போன முட்டையை வாயால் பொறுக்கி எடுக்கிறது. பெண் அந்தப் பக்கமே வரவில்லை. தீனி கேட்டுக் கண்ணாடியில் வந்து நிற்கிறது.

அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க, முட்டையக் காக்கது யாருன்னு பாருங்க."

"அளத்துல சொமக்கதும் நான்தான். இனி முட்டைக்கும் நான்தான் விசிறணுமா?" என்றார் அப்பா. ஆனால் வந்து பார்த்தார். சாப்பாடு ஆறும் வரை பார்த்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

முட்டைகள் பழுப்பாகி, பிறகு வெள்ளிப் பொட்டாகக் கண் தெரிந்தது. இருட்டினால்தான் பொரிக்கும். ஆறு மணிக்கே உப்பு அம்பாரத்தை மூடுகிற கறுப்புத் தார்ப்பாயால் தொட்டியைப் போர்த்திவிட்டோம். அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை. சாப்பிட்டு முடித்து ஒரு ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்தேன். வெளிச்சத்துக்குள் நூல் துணுக்குகள் போல வந்து மொய்த்தன. அத்தனையும் கண்.

சொம்பால் மொண்டு தனித் தொட்டிக்கு மாற்றினேன். நுண்ணுயிர்த் தீனி கையில் இல்லை. கோழிமுட்டையை வேகவைத்து, மஞ்சள்கருவைத் துணியில் கட்டிக் கரைத்து ஊற்றினேன். ஒரு பழைய புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மஞ்சள்கரு அடியில் தங்கித் தண்ணீரைக் கெடுத்துவிட்டது. கெட்ட வாடை. அசையாத தீனியைக் குஞ்சு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதற்கு ரோட்டிஃபர் வேண்டும். ஊசிமுனையில் பாதி இருக்கும், தண்ணீரில் சுழன்று நீந்தும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உண்டு.

காலையில் போய் ஆய்வுக்கூட வாசலில் நின்றேன். உள்ளே ஆய்வக உதவியாளர் மெட்டில்டா அக்கா பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கடைசியில் அவரே குப்பை கொட்ட வந்தார்.

"ஏ, சந்தனமாரி. படிப்பு முடிச்சும் வாசல்லதான் நிக்கியா? என்ன வேணும்?"

"ரோட்டிஃபர்" என்றேன். ஒரே வார்த்தை. வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுபோன மூன்று வாக்கியமும் பைக்குள்ளேயே இருந்தது.

ஒரு பாட்டில் கொடுத்தார். அது தின்பதற்கு, நுண்பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீர் ஒரு பாட்டில். "மாடியில வெயில்ல வை. ஒரு சிட்டிகை யூரியா போதும், பெருகும்."

மே 8, வியாழன்

கோயில் கொடைத் திருவிழாவுக்கு லிங்கம்மா அத்தை வந்திருக்கிறாள். நாற்காலியைத் தொட்டிக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"மதினி, பி.எஸ்ஸி படிச்ச பிள்ள மீனுக்கு தண்ணி மாத்திக்கிட்டு கெடக்கு. கம்பெனியில ஐப்பசிக்கு ஒரு இடம் காலியாவுது. ஏசி ரூமு. உக்காந்து துணி எண்ணுத வேல."

"அவகிட்டயே கேளுங்க" என்றாள் அம்மா.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "பண்ணையில இடம் இருக்கு அத்த. குஞ்சு வளத்துக் காட்டினா எடுப்பாங்க."

"காட்டினியா?"

"ஒரு தடவ செத்துப் போச்சு."

"ரெண்டாந்தடவ?"

"இப்ப உள்ளது அஞ்சு நாளா உயிரோட இருக்கு."

அத்தை நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். காபி ஆறிப்போயிற்று. "எங்கட்டி, ஒண்ணும் தெரியல" என்று கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். தெரிந்ததும் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள்.

மே 12, திங்கள்

அதுவும் போயிற்று. பட்டை விழுவதற்கு முன்னால், ஒரே நாளில். ரோட்டிஃபர் போதவில்லை. வளர வளரப் பெரிய தீனி கொடுத்திருக்க வேண்டும். இந்தத் தடவை ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 15, ஞாயிறு

திருநெல்வேலியில் ஒரு தேர்வு. நேற்று எழுதிவிட்டுத் தோழி வீட்டில் தங்கி இன்று மத்தியானம் வந்தேன். வாசலில் நுழையும்போதே அம்மாவின் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

"உன் பாத்தியில தண்ணி வத்திக் கெடந்தது. நெறச்சு வச்சிருக்கேன் பாரு."

தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. பெண் மீன் கல்லின் பின்னால் ஒருச்சாய்ந்து கிடந்தது. ஆண் மட்டும் பூந்தொட்டிச் சில்லுக்கு முன்னால் நின்று, விசிற முடியாமல் விசிறிக்கொண்டிருந்தது. நாலு நாளில் பொரிக்க வேண்டிய முட்டை உள்ளே இருந்தது.

மிதவையைப் போட்டேன். தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி நின்றது. கோடு தண்ணீரை விட்டு வெகுவாக மேலே போய்விட்டது.

"எந்தத் தண்ணிம்மா?"

"குடிதண்ணி கொஞ்சமாத்தான் இருந்துது. உப்புத் தண்ணி மீனுக்கு எதுக்கு நல்ல தண்ணின்னு அப்பாட்ட சொன்னேன். அளத்துப் போர்த் தண்ணி ரெண்டு கேன் கொண்டாந்தாங்க. பாத்தி வத்தினா போர்த் தண்ணிதான பாய்ச்சுவோம்."

உப்பளத்துப் போர்த் தண்ணீர் கடலைவிட எத்தனையோ மடங்கு உப்பு. அதற்காகத்தான் அங்கே ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். சீக்கிரம் உப்பு விளையும்.

நான் கத்தவில்லை. கத்த வராது. உட்கார்ந்து அழுதேன் போலிருக்கிறது, அம்மா பயந்துவிட்டாள். "செத்துருமா? ஏட்டி, சொல்லு, செத்துருமா?"

"தண்ணி வேணும். நல்ல தண்ணி. கொஞ்சங் கொஞ்சமா விடணும். ஒரேயடியா ஊத்தினா அதுவும் தாங்காது."

அம்மா அடுக்களைக்குள் போனாள். குடிக்கிற தண்ணீர்ப் பானையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். ராத்திரிச் சோற்றுக்கும் அதுதான். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். யார் வீட்டிலும் கை நீட்டாதவள், எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "மீனுக்குத் தண்ணி வேணும்" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. அந்த மாமா இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை போலும். குடம் நிறைந்து வந்தது.

தொட்டித் தண்ணீரைப் பாதி இறைத்தேன். குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றைக் கட்டி, பானையிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். மிதவை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா அளத்திலிருந்து வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரவில்லை. "நீ ஏன்பா வெளிய இருக்க, வந்து அந்தக் குழாயைப் பிடி" என்றேன். வந்து பிடித்தார்.

ஜூன் 16, திங்கள்

பெண் மீன் நிமிர்ந்துவிட்டது. முட்டைகள் வெள்ளையாகிப் போயின. ஆண் ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்துக் கீழே தள்ளுகிறது.

நேற்று எங்கள் வீட்டில் யாரும் சோறு சாப்பிடவில்லை. கடையில் பரோட்டா வாங்கினோம். அம்மாவுக்குத்தான் பரோட்டா என்றால் பிடிக்குமே, இரண்டு அதிகமாகவே சாப்பிட்டாள்.

ஜூலை 12, சனி

முட்டை இல்லை. மிதவையை இப்போது அம்மாதான் போட்டுப் பார்க்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாததால் கோட்டுக்கு நேராகச் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தேன். "நூலு தண்ணிக்கு மேல வந்துட்டு, ஒரு செம்பு ஊத்தவா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறாள். பெண் மீனோடு ஏதோ பேசுகிறாள். நான் வந்தால் நிறுத்திக்கொள்கிறாள்.

ஜூலை 29, செவ்வாய்

முட்டை. அளத்துக்குக் கிளம்பின அப்பாவை அம்மா பாதித் தெருவிலிருந்து திரும்பக் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பொரித்தாயிற்று. இந்தத் தடவை மாடியில் ஏழு கேன் பச்சைத் தண்ணீர், மூன்று கேன் ரோட்டிஃபர் தயாராக இருந்தது. குஞ்சுத் தொட்டியின் நாலு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டி, மேலே மட்டும் மங்கலாக விளக்கு வைத்திருக்கிறேன். வெளிச்சம் அதிகமானால் கண்ணாடியில் போய் மோதிச் சாகின்றன.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் கரண்ட் போயிற்று. பராமரிப்பு வேலை, சாயங்காலம்தான் வரும் என்றார்கள். காற்று மோட்டார் நின்றது. பேட்டரி மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி அதுவும் நின்றது. அப்பாவும் அம்மாவும் அளத்தில். தெருமுனை மொபைல் கடையில் இன்வெர்ட்டர் உண்டு. கடைக்கார அண்ணாச்சியிடம் இதுவரை ரீசார்ஜ் பண்ணக்கூட நான் போனதில்லை, அம்மாவைத்தான் அனுப்புவேன்.

"அண்ணாச்சி, உங்க இன்வெர்ட்டர்ல ஒரு வயர் எடுத்துக்கிறேன்."

போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எதுக்கு?" என்றார்.

"மீன் குஞ்சுக்குக் காத்து போணும்."

"மீனுக்குக் காத்தா? ஃபேனா போடுத?"

"தண்ணிக்குள்ள காத்து. இல்லன்னா மூச்சு முட்டிச் செத்துரும். மோட்டாரு சின்னது. ஒரு பல்பு எடுக்கிற கரண்ட்டுகூட எடுக்காது. உங்க ஃபேன ஒரு நம்பர் குறைச்சாலே சரியாப் போகும். சார்ஜ் தீந்துட்டா உங்க கடைய நான் பாத்துக்கிறேன், நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

"கடைய நீ பாப்பியா?"

"மத்தியானம் யாரும் வாரதில்ல. எங்க வாசல்லயிருந்து தினம் பாக்கேன்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவரே ஸ்டூல் போட்டு ஏறி, மூன்று வீட்டு வாசலைத் தாண்டி வயரைக் கட்டிவிட்டார். சாயங்காலம் கரண்ட் வரும் வரை குஞ்சுகள் நன்றாக இருந்தன.

என்னைப் போலப் பேச்சு வராத ஆளுக்கு இந்த மாதிரி நேரம் ரொம்பச் சங்கடம்.

ஆகஸ்ட் 13, புதன்

குஞ்சுகள் பெருத்துவிட்டன. இனி ரோட்டிஃபர் பற்றாது. மே மாதம் செய்த தப்பை மறுபடி செய்யக்கூடாது என்று ஆர்ட்டீமியா என்ற சின்ன நீர்ப்பூச்சியின் முட்டை டப்பா ஒன்று முன்பே வாங்கி வைத்திருந்தேன். உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரே நாளில் இளங்குஞ்சு பொரிந்து வர வேண்டும். நேற்றுப் போட்டேன். இன்று பார்த்தால் அப்படியே தூசியாக மிதக்கிறது. பழைய டப்பா. மீன் தீனிக் கடைக்காரர் புதியது வர ஒரு வாரம் ஆகும் என்கிறார். குஞ்சுகள் ஒரு வாரம் தாங்காது.

மாடியில் நின்று யோசித்தேன். தூரத்தில் அளம் தெரிந்தது. பாத்திகள் வெள்ளை. அவற்றுக்குத் தண்ணீர் தேக்குகிற தெப்பம் மட்டும் ஓரத்தில் இளஞ்சிவப்பு. சின்ன வயதில் அங்கே பாவாடையால் சிவப்புப் பூச்சி பிடித்து விளையாடியிருக்கிறேன். காலேஜில் மைக்ராஸ்கோப்பில் ஆர்ட்டீமியாவை வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று இத்தனை நாள் தோன்றவில்லை.

வாளியும் அப்பாவின் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு ஓடினேன். தெப்பத்தில் இறங்கித் துணியால் அரித்தேன். சிவப்பாக, இறகு போன்ற கால்களை அடித்துக்கொண்டு மல்லாக்க நீந்துகின்றன. அதேதான்.

"யாரு அது? தெப்பத்துல என்னத்தக் களவாங்குத?" கணக்குப்பிள்ளை கரையில் நின்றார்.

"பூச்சி எடுக்கேன், சார்."

"யார்ட்ட கேட்ட? தெப்பத்துக்குள்ள ஆள் இறங்கக்கூடாது."

"கேக்காதது தப்புதான். ஆனா இது உங்க உப்புல சேராது. உப்பு வாரும்போது பூச்சியும் காஞ்சு கெடக்குன்னு நீங்கதான் தண்ணியத் துணி போட்டு வடிக்கச் சொல்லுதீங்க. நான் சும்மாவே வடிச்சுத் தாரேன். காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. பத்து நாளைக்கு."

"இத வச்சு என்ன பண்ணுவ?"

சொன்னேன். பூச்சி குட்டி போடும், அந்தக் குட்டியைத் துணியில் வடித்துக் கடல் தண்ணீரில் அலசி மீன்குஞ்சுக்குப் போடுவேன், பட்டை விழும், பண்ணைக்குக் கொண்டுபோவேன், எல்லாம் சொன்னேன். அவர் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "சரி சரி, எடுத்துத் தொல. வழுக்கும், பாத்து ஏறு."

திரும்பினால் வரப்பில் அப்பா நிற்கிறார். தலையில் உப்புக் கூடை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, சுமையை இறக்காமலே நின்றுகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

நான் எழுந்திருக்கும்போது வாசலில் சிவப்புத் தண்ணீர் இரண்டு கேன் இருந்தது. அப்பா அதிகாலையிலேயே போய் வந்திருக்கிறார். அம்மா டீ வடிகட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். அது என்னிடம் இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"ஏட்டி, இதுக்கு நெத்தியில திருநூறு பூசின மாதிரி இருக்கே."

ஓடிப்போய் டார்ச் அடித்தேன். கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு. ஒன்று. இன்னொன்று. மூலையில் நாலைந்து. உடம்பு ஆரஞ்சு ஏறியிருக்கிறது. நூல் துணுக்காக இருந்ததெல்லாம் மீனாகிவிட்டது. இத்தனை நாள் மிதந்துகொண்டிருந்தவை இன்று தரையைத் தேடி இறங்கி, உடம்பை நெளித்து நெளித்து நீந்துகின்றன, பெரியவை நீந்துவது போலவே.

அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். வலித்தது. விடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

குஞ்சுகள் பயணம் தாங்குகிற அளவுக்கு வளர்ந்துவிட்டன. நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. பதினைந்தை மட்டும் ஆக்ஸிஜன் அடைத்த கவர்களில் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வைத்துப் பண்ணைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.

"ஐஸ் மீனா? நாறுமே."

"உயிர் மீன். தட்டாதீங்க, அதிரும். பள்ளம் வந்தா கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க."

அவர் டிரைவரைப் பார்த்து, "அண்ணே, உள்ள பிரசவ கேஸ் இருக்கு, பாத்துப் போங்க" என்றார். பண்ணை வரை மெதுவாகத்தான் போனது.

பெர்ப்பெத்துவா மேடம் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பெயரைச் சொன்னதும், "ஓ, அந்தப் பேசாத பிள்ளையா? நீ ஏம்மா இப்ப வந்த, போன வாரம்தான் ஒரு பையன எடுத்தோம்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு, திருப்பூர், அத்தையின் ஏசி அறை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. பெட்டியைத் தூக்கி அவர் மேசையில் வைத்துத் திறந்தேன்.

"மேடம், வளத்துக் கொண்டு வந்து காட்டுன்னீங்க. ஆள் எடுத்துட்டா காட்டாதன்னு சொல்லல. பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் ஒரு கவரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எல்லாவற்றுக்கும் பட்டை முழுசாக விழுந்திருந்தது.

"கடையில வாங்கினதா?"

"எங்க வீட்டு மீன் போட்ட முட்டை."

"எத்தன செத்துச்சு?"

அதைத்தான் கேட்டார். உட்காரச் சொல்லவில்லை, நானும் நின்றுகொண்டே சொன்னேன். மஞ்சள்கருவில் செத்தது, தீனி மாற்றாமல் செத்தது, போர்த் தண்ணீரில் முட்டையோடு போனது, எந்தெந்தத் தடவை எதனால், அடுத்த தடவை எதை மாற்றினேன், ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் மடக்கி மடக்கிக் கேட்டார். உப்பு ஏறினதை எப்படி இறக்கினாய்? அளத்துப் பூச்சியை நேரே போட்டால் என்ன ஆகும்? ஏன் கறுப்புத் தாள்? ஒரு கேள்விக்கு அவர் சொன்னது தப்பு என்று நினைத்தேன், அதையும் சொல்லிவிட்டேன். யாரோ டீ கொண்டு வந்து வைத்தார்கள். ஆடை கட்டிவிட்டது.

கடைசியில் மேடம் பூட்ஸைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டார்.

"இவ்வளவு பேசுறவ அன்னைக்கு ஏன் வாயவே திறக்கல?"

"அன்னைக்கு எங்கிட்டச் சொல்ல ஒண்ணுமில்ல, மேடம்."

சிரித்தார். "அந்தப் பையன மோட்டார் பக்கம் போட்டுக்கிறேன். குஞ்சத் தொடவே அவனுக்குக் கை நடுங்குது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துரு. குஞ்சு அறை உன்னோடது."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அப்பா வாசலில் நின்றிருந்தார், அளத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்திருக்கிறார். சொன்னேன். "ம்" என்றார். உடனே திருப்பூருக்குப் போன் போட்டார். "ஆமா தாயி, குஞ்சு அறை. அவளுக்குன்னு தனி அறை. ஏசி இருக்கா என்னன்னு தெரியல, கேட்டுச் சொல்லுதேன்." தெரு முழுக்கக் கேட்கிற சத்தத்தில்.

அம்மா அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சம்பளம் எவ்வளவுன்னாங்க?"

நான் விழித்தேன்.

"கேக்கலையா? கடைக்காரன், கணக்குப்பிள்ளை, கண்டக்டரு, ஒருத்தன விடாம வாயாடுத. அதுக்கு மட்டும் வாய் வரலையாக்கும்?"

அப்பா போனைக் கையில் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அத்தைக்கும் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை போய்க் கேட்பேன். குஞ்சுகளுக்குத் தீனி போட்டுவிட்டு, முதல் வேலையாக அதைத்தான் கேட்பேன்.